பாதிக்கு மேலயா, கீழயா?

மகளின் அறைக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. லைன்மேன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். வாசலிலிருந்து கூடம் வரைக்கும் சேற்றுத் தடம். வேறு நாளாக இருந்தால் அவர் மனைவி இதற்கே வீட்டை இரண்டாக்கியிருப்பாள். இன்று துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். விஷயம் எவ்வளவு பெரிது என்பதை அவர் அதிலிருந்தே தெரிந்துகொண்டார்.

“கத்தக் கூடாது” என்றாள் மனைவி, தணிந்த குரலில். “இந்தத் தடவை கத்துனீங்கன்னா அவ பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவா. அப்புறம் பொண்ணே இல்லன்னு நாம ரெண்டு பேரும் உக்காந்திருக்க வேண்டியதுதான்.”

“நான் எங்க கத்தறேன்?”

“இப்பவே கத்தறீங்க.”

அவர் வாயை மூடிக்கொண்டார்.

மகள் ஆடிட்டர் பரீட்சை எழுதுகிறவள். பகலில் ஓர் ஆபீசில் வேலை, சாயங்காலம் பயிற்சி வகுப்பு, மிச்ச நேரமெல்லாம் புத்தகம். எல்லாத் தாளையும் ஊதித் தள்ளிவிட்டாள். இந்த ஒரு தாள் மட்டும் மூன்று வருஷமாக அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. ஐம்பது வாங்கினால் பாஸ். போன தடவை நாற்பத்தொன்பது. அந்த ஒரு மார்க்குக்காக லைன்மேன் போட்ட கூச்சலில் தெருவே ஜன்னலைத் திறந்து பார்த்தது. அன்றிலிருந்து மகள் பல மாதத்துக்கு அவரோடு எதுவுமே பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, “அம்மா, அப்பாவை உப்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லு” என்பாள். அவர் நகர்த்துவார். உப்பு ஜாடி நகரும்போதெல்லாம், பெற்ற மகள் ‘அப்பா’ என்று கூப்பிட்டுக் கேட்பதற்கு ஒரு மனிதன் இப்படியா ஏங்குவான் என்று தன்மேலேயே எரிச்சல் வரும்.

ஒருவழியாகப் பேச்சு திரும்பி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மறுபடியும் பரீட்சை முடிவு. விதிப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஒரு வாரமாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மதியம் மனைவி போன் செய்தபோது அவர் ரோட்டோரப் பள்ளத்தில் இடுப்பளவு ஆழத்தில் நின்றிருந்தார். தலைக்கு மேலே ரோடு உடைக்கிற மெஷின் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. மனைவி மூச்சு விடாமல் வெகுநேரம் பேசினாள். அவர் காதில் விழுந்தது ‘முடிவு’, ‘பயப்படறா’, ‘நீங்களே கேட்டுக்கோங்க’, ‘கத்தாதீங்க’ என்கிற நாலே வார்த்தை. அதற்குமேல் என்ன வேண்டும்? நல்ல முடிவென்றால் யார் பயப்படப் போகிறார்கள்? “புரிஞ்சுது, எல்லாம் புரிஞ்சுது” என்று சொல்லிவிட்டுப் பள்ளத்திலிருந்து அப்படியே ஏறி வந்துவிட்டார்.

கதவை விரல் முட்டியால் மெல்லத் தட்டினார்.

“கண்ணு, அப்பா வந்திருக்கேன்.”

உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்களா?”

“சொல்லிட்டா.”

“கோபமாப்பா?”

அவர் வாயைத் திறந்தார். மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

“முடிவு எதுவா இருந்தாலும் ஏத்துக்கணும்னு நினைச்சுக்கிட்டுதான் வந்தேன்” என்றார். இந்த வாக்கியத்தை அவர் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

மகள், “இந்த முடிவு இனிமே மாறாதுப்பா. அதை மட்டும் கேக்காதீங்க” என்றாள்.

மறுமதிப்பீட்டுக்குப் போடலாம் என்று மின்வாரிய டிப்போவில் யாரோ சொல்லியிருந்தது அவருக்கு நினைவு வந்தது. “இன்னொரு தடவை பார்த்தா என்ன கண்ணு? அதுக்கும் வழி இருக்காமே.”

“நல்லாப் பார்த்தாச்சுப்பா. திரும்பத் திரும்பப் பார்த்தாச்சு.”

அந்தக் கதவும் மூடியது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் காதோரம் குனிந்து, “நான்தான் போன்ல விவரமாச் சொன்னேனே. எத்தனைன்னு மட்டும்தான் சொல்லல. அதை என் வாயால சொல்ல மாட்டேன், நீங்களே கேட்டுக்கோங்க” என்றாள்.

“எத்தனைன்னு மட்டும் சொல்லிடு கண்ணு” என்றார் கதவிடம்.

“என்னாலயும் சொல்ல முடியாதுப்பா. நீங்க அங்கயே மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க.”

பெற்றவள் சொல்ல மாட்டாள், பிறந்தவளும் சொல்ல மாட்டாள். வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லைன்மேனுக்கு மட்டும் அந்த நிலைமையிலும் சின்னதாக ஒரு தெம்பு பிறந்தது. ஒளிந்திருக்கிற ஒன்றைக் கண்டுபிடிப்பதுதானே அவர் பிழைப்பே. பூமிக்கடியில் போகிற கேபிள் எங்கேயோ அறுந்துவிட்டால் ரோடு முழுக்கத் தோண்டிப் பார்க்க முடியாது. அவர் நேராக நடுப் பாதிக்குப் போய்ச் சோதிப்பார். இதுவரை கரண்ட் வருகிறதா? வந்தால் பழுது அந்தப் பக்கம், வராவிட்டால் இந்தப் பக்கம். மிச்சத்தில் மறுபடி நடு. இப்படிப் பாதிப் பாதியாகக் கழித்துக்கொண்டே போனால் மைல் கணக்கான கேபிளும் கடைசியில் ஒரு கைப்பிடிக்குள் வந்துவிடும். டிப்போவில் அவருக்குப் பெயரே ‘பாதி’. இளையவர்களுக்குப் ‘பாதி அண்ணன்’. வீட்டில் சாவி தொலைந்தாலும், “வீட்டுக்குள்ளயா, வெளியிலயா?” என்றுதான் ஆரம்பிப்பார். இரண்டாவது கேள்விக்குப் போவதற்குள் மனைவி சாவியை எடுத்து நீட்டிவிடுவாள்.

“அப்ப ஒண்ணு பண்ணுவோம். நான் கேக்கறேன், நீ ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு. நூறுக்குள்ள எந்த எண்ணா இருந்தாலும் ஏழு கேள்விக்கு மேல தாங்காது.”

“நூறுக்குள்ளதானா?” என்று மகள் அழுகைக்கு நடுவில் சிரித்தே விட்டாள். “கிண்டல் பண்ணாதீங்கப்பா.”

இதில் என்ன கிண்டல் என்று அவருக்கு விளங்கவில்லை. சிரித்தாளே, அதுவரை லாபம் என்று நினைத்துக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டார். ஏழு கேள்வியிலும் அதுதான் கேள்வி.

“அம்பதும் அதுக்கு மேலயுமா?”

“ஐயோ, அவ்வளவெல்லாம் இல்லப்பா.”

முடிந்தது. மூன்று வருஷம், முதல் கேள்வியிலேயே முடிந்தது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாஸ் இல்லை என்றான பிறகு எத்தனையாக இருந்தால் என்ன? ஆனால் பாதிவழியில் நிறுத்துவது அவர் கைக்குப் பழக்கமில்லை. தவிரவும் ஒரு மார்க், இரண்டு மார்க்கில் போயிருந்தால் யார் காலிலாவது விழுந்து பார்க்கலாம் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

“இருபத்தஞ்சுக்கு மேலயா?”

“மேலதான். இருபத்தஞ்சா இருந்தா நான் ஏன்பா இப்படிக் கதவைச் சாத்திக்கிட்டு அழறேன்?”

அதுவும் வாஸ்தவம்தான் என்று அவருக்குத் தோன்றியது. இருபத்தைந்து என்றால் நமக்கு வராது என்று ஒரே முழுக்காகத் தலைமுழுகிவிடலாம். கிட்டே வந்து தவறுவதுதான் ஆளைக் கொல்லும்.

“முப்பத்தேழுக்கு மேலயா?”

“மேல.”

“நாப்பத்துநாலுக்கு மேலயா?”

உள்ளேயிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு. “மேலதான்பா.”

எட்டாத உயரத்தில் தொங்கியிருந்தால் இவ்வளவு வலிக்காது. எப்படியாவது நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பதாக இருந்துவிடட்டும் என்ற ஆசையில் அடுத்த கேள்வியைக் கோணலாகக் கேட்டுவிட்டார்.

“நாப்பத்தேழுக்குக் கீழ இல்லையே?”

“ஆமா.”

ஆமாவா? ஆமா, கீழ் என்கிறாளா? ஆமா, கீழ் இல்லை என்கிறாளா? மனைவியிடம் திரும்பிக் கண்ணால் கேட்டார். அவள், இவ்வளவு கூடவா தெரியாது என்கிற மாதிரி, “அதான் ஆமான்னு சொல்லிட்டாளே” என்றாள். கருவியில் முள் நடுவில் நின்று ஆடுகிற மாதிரி அவர் தலை ஆடியது. இத்தனை வருஷ வேலையில் ஒரு சோதனையை வீணாக்கினவர் இல்லை அவர். பெற்ற பெண்ணிடம் வந்து வீணாக்கிவிட்டார்.

“சரி, நேராவே கேக்கறேன். நாப்பத்தேழுக்கு மேலயா?”

“இல்ல.”

“நாப்பத்தஞ்சுக்கு மேலயா?”

“ஆமா.”

“நாப்பத்தாறா?”

தாழ்ப்பாள்மேல் விரல் படுகிற சத்தம் கேட்டது. பிறகு, “சரியா நாப்பத்தாறுப்பா” என்றாள்.

போன தடவை நாற்பத்தொன்பது. இந்தத் தடவை நாற்பத்தாறு. இவ்வளவு நாள் உட்கார்ந்து படித்து மூன்று மார்க் இறங்கியிருக்கிறாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி நெஞ்சுக்கு வந்து, தொண்டைக்கு வந்து, பல்லில் முட்டியது. மனைவி துடைக்கும் துணியைச் சுருட்டிக் கையில் தயாராக வைத்துக்கொண்டதை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். வாய்க்குள் திணிக்கத்தான் வைத்திருக்கிறாள், சந்தேகமே இல்லை. உப்பு ஜாடி நினைவுக்கு வந்தது. வந்த சத்தத்தை மென்று, விழுங்கி, அது உள்ளே போய்ச் சேருகிறவரை காத்திருந்துவிட்டு அவர் பேசினார்.

“பரவாயில்ல கண்ணு.”

“என்னப்பா சொன்னீங்க?”

“நாப்பத்தாறு பரவாயில்லன்னேன். மனசார ஏத்துக்கறேன்.”

தாழ்ப்பாள் விலகியது. வீங்கிய கண்ணோடு மகள் நின்றாள். அவர் சேற்றுச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, “அப்பா, அப்பா” என்று விம்மினாள். பேசாதிருந்த மாதங்களில் சேர்த்து வைத்திருந்த ‘அப்பா’ எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. அவருக்கும் கண் நிறைந்துவிட்டது.

“எப்படிப்பா உங்களால முடிஞ்சுது? எல்லாரும் அந்த எண்ணைக் கேட்டாலே முகத்தைச் சுளிக்கிறாங்க.”

“எண்ணா கண்ணு வாழப் போகுது? மனுஷங்கதானே வாழணும். ஆள் நல்லா இருந்தாப் போதும், எண்ணு எப்படியோ போகட்டும்.”

“அதையேதான்பா நான் அம்மாகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

மனைவி சுருட்டிய துணியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லைன்மேன் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார். இனி அவள் ஆடிட்டர் இல்லை. வாசலில் மாட்டுவதற்கு மனதுக்குள் எழுதி வைத்திருந்த பெயர்ப்பலகையை மனதுக்குள்ளேயே கழற்றி வைத்தார். மகள் திரும்பக் கிடைத்தாளே, அது போதாதா என்று கேட்டுக்கொண்டார். போதும் என்று பதில் சொல்ல அவருக்கு அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை.

வெளியே வந்தபோது மனைவி தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள்.

“என்னங்க, வெளியில யாராவது கேட்டா நாப்பதுன்னு சொல்லிக்கலாமா?”

“நாப்பதா? எதுக்கு?”

“கொஞ்சம் கௌரவமா இருக்குமே.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பாவம், துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது. “பொய்தான் சொல்றதுன்னு ஆயிடுச்சு, அப்புறம் எதுக்கு நாப்பது? அறுபதுன்னு சொல்லு” என்றார்.

“அறுபதா?” மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பாவம், அதிர்ச்சியில் மனுஷருக்கு மூளை குழம்பிவிட்டது என்று அவள் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது.

“அறுபதும் வேண்டாம், நாப்பதும் வேண்டாம்” என்றார் அவர். “நாப்பத்தாறுன்னா நாப்பத்தாறுதான். ஒளிச்சு வைக்கறதுக்கு நாம என்ன திருடிட்டோமா?”

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் கல்யாணமான புதிதில் இருந்த ஏதோ ஒன்று இருந்தது. அதை வீணாக்கக் கூடாது என்று அவருக்குப் பட்டது. நாளைக்கு அரையும் குறையுமாகத் தெரிந்து ஆளுக்கொரு கதை கட்டுவதைவிட இன்றைக்கே தானே சொல்லிவிடலாம். படியேறி மாடி வீட்டு அம்மாளிடம் போனார். அந்த அம்மாளிடம் ஒன்றைச் சொன்னால் தெருவில் வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம். முடிவு வந்துவிட்டது, நாற்பத்தாறு, எங்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை என்றார். அந்த அம்மாள் ‘உச்’ கொட்டினாள். தன் தங்கை மகன் எண்பத்திரண்டு வாங்கின கதையை முழுக்கச் சொன்னாள். அவர் நின்று கேட்டுவிட்டு வந்தார். இறங்கும்போது படிகள் ஏறினதைவிட அதிகமாகத் தெரிந்தன. டிப்போவுக்கும் போன் போட்டார். அந்தப் பக்கம் மெஷின் சத்தத்தில், “எத்தனை, பாதி அண்ணே?” என்று கேட்டார்கள். நாற்பத்தாறு என்று அவரை மூன்று தடவை கத்த வைத்தார்கள். மூன்றாவது தடவை அவர் குரல் உடைந்துவிட்டது.

கீழே வந்து பார்த்தால் மகள் முகம் கழுவி, நல்ல உடை உடுத்தி நின்றிருந்தாள். அப்பா ஊருக்கெல்லாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் போல, முகம் மலர்ந்திருந்தது.

“அப்பா, அவர் வந்திருக்கார். நான் போன்ல சொன்னேன், நம்பவே மாட்டேங்கறார். உங்களை நேர்ல பார்க்கணுமாம்.”

“யாரு?”

“அவர்தான்பா” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. பயிற்சி வகுப்பு மாஸ்டர். நாற்பத்தொன்பதை நாற்பத்தாறாக்கிக் கொடுத்த மகான். மகளுக்கு வெட்கம் இருக்கத்தானே செய்யும். சட்டைக் காலரைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. அடுக்களை வாசலில் இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இன்று விழுங்கினதோடு இதையும் சேர்த்து விழுங்கிவிட வேண்டியதுதான்.

கூடத்து நாற்காலியின் நுனியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காதோரம் நரை. இஸ்திரி கலையாத சட்டை. மடியில் ஒரு பழப் பை. கிட்டத்தட்டத் தன் வயசு ஆள். லைன்மேனைக் கண்டதும் விருட்டென்று எழுந்ததில் பழங்கள் உருண்டு நாற்காலிக்கடியில் போயின. ஒழுங்காகப் பாடம் நடத்தாத குற்ற உணர்ச்சி இப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததும் லைன்மேனுக்கு அந்த ஆள்மேல் இரக்கமே வந்துவிட்டது. குனிந்து அவரோடு சேர்ந்து பழம் பொறுக்கினார்.

“உக்காருங்க, பயப்படாதீங்க” என்றார். “எனக்கு உங்கமேல கோபம் கிடையாது. நாப்பத்தாறுன்னு கேட்டதும் முதல்ல ரத்தம் கொதிச்சுது, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க? உங்க கையில என்ன இருக்கு?”

வந்தவருக்குக் கண் கலங்கியது. “என் கையில ஒண்ணுமே இல்லைங்க” என்றார் தழுதழுத்து.

“இருக்கட்டும். இனிமே ஆக வேண்டியதைப் பார்ப்போம். நாங்க பெத்தவங்க, எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு எது நல்லதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். இன்னையிலேருந்து என் பொண்ணை உங்க பொறுப்புல விட்டுட்டேன். நீங்களே கூட இருந்து கரை சேர்த்துடுங்க.”

அடுக்களையில் மனைவி வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. பரீட்சையில் தோற்ற வீட்டில் அழுகை இருக்கத்தானே செய்யும் என்று லைன்மேன் நினைத்துக்கொண்டார். என்ன, அதில் கொஞ்சம் சந்தோஷமும் கலந்திருந்த மாதிரி இருந்தது.

வந்தவர் பழப் பையைக் கீழே வைத்துவிட்டு, லைன்மேனின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“எனக்கு நாப்பத்தாறு வயசுன்னு தெரிஞ்சும் பொண்ணு குடுக்கறேன்னு சொல்லிட்டீங்க, இனிமே அவ பரீட்சை முடிவு அடுத்த வாரம் எப்படி வந்தாலும் எனக்குக் கவலையே இல்ல, மாமா.”